ஹாம் ரேடியோ செட்டோடு மலையேற எந்தப் பை வாங்கலாம்? 40 லிட்டர் போதுமா?

போதும், அதற்குக் குறைவாகவே போதும். ஆனால் லிட்டரை வைத்துப் பை வாங்காதீர்கள். செட் பைக்குள் எந்த இடத்தில் உட்காரும் என்று பார்த்து வாங்குங்கள். நான்கு காண்டாக்ட், அதாவது ரேடியோவில் நான்கு பேரோடு பேச்சு, தேவைப்பட்ட இடத்தில் மூன்றே காண்டாக்டோடு மலையிறங்கியவன் என்பதால் சொல்கிறேன்.

புதிதாக ஒரு சின்ன எச்எஃப் செட் (தொலைதூரம் பேச உதவும் சிற்றலை செட்) வாங்கி, 'சோட்டா' (Summits on the Air, மலைச் சிகரங்களிலிருந்து ஹாம் ரேடியோவில் பேசும் திட்டம்) முயற்சிக்கப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். 2002-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில், சிகரத்திலிருந்து நான்கு வெவ்வேறு நிலையங்களோடு பேசினால்தான் புள்ளி. வண்டியில் உட்கார்ந்து பேசக்கூடாது, எரிபொருள் ஜெனரேட்டரும் கூடாது. எல்லாம் முதுகில்தான் ஏற வேண்டும்.

நான் மூன்றோடு இறங்கிய அன்று, சட்டென்று எடுக்க வசதியாக இருக்குமே என்று செட்டைப் பையின் வெளிப் பாக்கெட்டில் வைத்திருந்தேன். ஆன்டெனா சாக்கெட்டில் மாட்டிய அடாப்டரைக் கழற்றவில்லை. அது இரண்டு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்று, பையைப் பாறையில் சாய்த்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். தண்ணீர் பாட்டில் என்று நினைத்து நடந்துவிட்டேன்.

உச்சியில் ஆன்டெனா ஒயரைக் கட்டி, கேபிளை மாட்டினால் சாக்கெட் ஆடுகிறது, விழப்போகிற பல் மாதிரி. உள்ளே சால்டர் விட்டிருந்தது. ஆன்டெனாவுக்குப் போகாமல் திரும்பி வரும் பவரைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் முள் வலது ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டது, அந்த செட் இனி உதவாது. கையில் இருந்த, பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவர்களையே எட்டும் சின்ன விஎச்எஃப் செட்டில் ஒன்றரை மணி நேரம் கூப்பிட்டேன். மூன்று பேர் கிடைத்தார்கள். நான்காவது ஆள் வரவேயில்லை. இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும், இறங்கினேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

'அடாப்டரைக் கழற்றாதது உன் தப்பு, பை என்ன செய்யும்?' என்று யாராவது கேட்பீர்கள். என் தப்புதான். ஆனால் செட்டை நடுவில், முதுகை ஒட்டி, துணிகளுக்கு இடையில் வைக்க வழியிருக்கும் பையாக இருந்திருந்தால் அது தப்பித்திருக்கும். கனமான பொருள் முதுகை ஒட்டி இருந்தால் பை பின்னால் இழுக்காது, நடப்பதும் சுலபம். முன்பக்கம் முழுதாகத் திறக்கும் ஜிப் இருந்தால், செட்டை எடுக்க எல்லாவற்றையும் வெளியே கொட்டவும் வேண்டாம். தண்ணீர்ப் பையைச் செட்டோடு ஒரே அறையில் வைக்கவே வைக்காதீர்கள். பாட்டில் பக்கப் பாக்கெட்டில் இருக்கட்டும்.

செட், லித்தியம் பேட்டரி, 7 மெகாஹெர்ட்சுக்கான 20 மீட்டர் ஆன்டெனா ஒயர், கேபிள், ஒயரைத் தூக்கி நிறுத்த ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் 6 மீட்டர் கம்பம் (மாஸ்ட்) எல்லாம் சேர்த்து எனக்கு மூன்றரை கிலோ வருகிறது. அதற்கு மேல் தண்ணீர், மழை உடை, சாப்பாடு. ஒரு நாள் நடைக்கு 30 லிட்டரில் அடங்கிவிடும். மாஸ்டின் அடி பக்கப் பாக்கெட்டில், மேல்பகுதி பக்க வாரில். தலைக்கு மேல் நீட்டினால் ஒவ்வொரு கிளையிலும் மாட்டும்.

கேமராப் பையே போதும் என்பவர்களோடு சண்டைக்கு வரவில்லை. குறைந்த தூரத்துக்குச் சரி. ஆனால் அவற்றில் பலவற்றுக்குச் சுமை தாங்கும் இடுப்புப் பட்டை கிடையாது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பிறகு வேறொரு மலையில் 5 வாட்டில் மூன்று காண்டாக்ட் முடித்து நான்காவதை எடுத்துக்கொண்டிருந்தபோது, அதே அலைவரிசையில் ஒருவர் தன் செட்டை ஆன்டெனாவோடு பொருத்த முழுப் பவரில் சிக்னல் விட்டு டியூன் செய்தார். 'யாராவது இருக்கிறீர்களா?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் சௌகரியமாக உட்கார்ந்திருப்பவர்கள், பலவீனமாகக் கேட்கும் சிக்னலுக்குப் பின்னால் நான்கு மணி நேரம் ஏறிவந்த ஒருவர் இருக்கலாம் என்று நினைக்க வேண்டாமா?

சரி, பைக்கு வருகிறேன். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு துருத்தும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு மட்டம் வரை அளந்துகொள்ளுங்கள். முதுகு நீளம் அதற்குப் பொருந்தும் பையில் ஐந்தாறு கிலோவை வைத்து, முதலில் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கால் மணி நேரம் நடங்கள். கனம் தோளிலேயே தொங்கினால் அந்தப் பை உங்களுக்கு இல்லை, அடுத்ததைப் பாருங்கள்.