எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கடைசி ஆண்டு: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்கள்

காவிரிப் பாசனப் பகுதியில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளி 8ஆம் வகுப்போடு முடிகிறது. 9ஆம் வகுப்புக்குப் பிள்ளைகள் வேறு ஊருக்குத்தான் போக வேண்டும். அந்தக் கடைசி ஆண்டைப் பெற்றோருடன் சேர்ந்து எப்படித் திட்டமிடுவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு தாய்: டீச்சர், 8ஆம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்தை எப்போது வைத்தால் நல்லது? போன ஆண்டு ஐந்து பேர்தான் வந்தார்கள்.

கூட்டம் எத்தனை மணிக்கு நடந்தது என்று முதலில் பாருங்கள் அம்மா. காலை 11 மணிக்குக் கூப்பிட்டால், நடவுக்குப் போகிறவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். நாங்கள் மாலை 6 மணிக்கு வைக்கிறோம். ஜூனில் ஒன்று, காலாண்டுத் தேர்வு முடிந்து அக்டோபரில் ஒன்று, சம்பா அறுவடை ஓய்ந்தபின் ஒன்று. ஆண்டுக்கு இந்த மூன்று போதும். பள்ளிக்கு வரத் தயங்குகிறவர்களுக்காக ஒரு கூட்டத்தை அவர்கள் தெருவிலேயே, மாரியம்மன் கோயில் திடலில் வைத்தோம். ஒருவர்கூட விடுபடவில்லை.

ஜூன் கூட்டத்தில் நான் கேட்பது ஒரே கேள்விதான்: "அடுத்த ஜூனில் உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் உட்கார்ந்திருக்கும்?" சொல்லும் பதிலை அவர்கள் முன்னாலேயே நோட்டில் எழுதிக்கொள்கிறேன். பாதிப் பேர் "பார்க்கலாம் டீச்சர்" என்பார்கள். "பார்க்கலாம்" என்று எழுதிய வீடுகள்தான் எனக்கு அந்த ஆண்டின் வேலை. விழா, போட்டோ, சுற்றுலா எல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு தந்தை: என் மகள் 8ஆம் வகுப்பு. உதவித்தொகைத் தேர்வு ஒன்று இருக்கிறது என்கிறார்கள். விவரம் சொல்லுங்கள்.

தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வு அது. பேச்சு வழக்கில் என்.எம்.எம்.எஸ். 8ஆம் வகுப்பில்தான் எழுத முடியும். இந்த ஆண்டை விட்டால் மறு வாய்ப்பு கிடையாது. தேர்வானால் 9 முதல் 12 வரை மாதம் 1,000 ரூபாய், நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய். ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 7ஆம் வகுப்பில் 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 50. அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ தொடர்ந்து படிக்க வேண்டும்.

மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடத்துக்கு 90 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம். பாடத்தாளில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணிதம் 20. பிள்ளைகள் தடுமாறுவது மனத்திறன் தாளில்தான். எண் வரிசை, விடுபட்ட உருவம், திசை, உறவுமுறைப் புதிர் ஆகியவற்றை அவர்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகஸ்டிலேயே தொடங்கி நாள்தோறும் பத்துக் கேள்வி போடச் சொல்லுங்கள். தேர்வு பெரும்பாலும் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வருகிறது. நம் பக்கம் அது அறுவடைக் காலம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலை இந்தப் பிள்ளை தலையில்தான் விழும். அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் மாலையில் ஒரு மணி நேரம் அவளை விட்டுவிடுங்கள் என்று அக்டோபர் கூட்டத்தில் ஒவ்வொரு வீட்டையும் கேட்டு வாங்குகிறேன். நீங்களும் உங்கள் மகளுக்கு அதைக் கொடுங்கள்.

அதே தந்தை: ஆதாரில் அவள் பெயர் ஒரு விதமாகவும் பள்ளிப் பதிவேட்டில் வேறு விதமாகவும் இருக்கிறது. பரவாயில்லையா?

உடனே சரிசெய்யுங்கள். உதவித்தொகை மாணவியின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருகிறது. பெயர் பொருந்தாமல் போனால் பணம் நின்றுவிடும். எங்கள் மாணவி ஒருத்திக்கு ஆங்கில எழுத்தில் வந்த ஒரே ஒரு வேறுபாட்டால் பல மாதம் பணம் வரவில்லை. அவள் அம்மா வங்கிக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைந்த அலைச்சலை நான் மறக்கவில்லை. முன்பே கவனித்திருக்க வேண்டியவள் நான். இப்போது ஜூலையிலேயே பிறப்புச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம், பள்ளிப் பதிவேடு நான்கையும் பக்கத்தில் வைத்து, பெற்றோரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறோம். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்கள் பிள்ளையே படித்துக் காட்டுகிறது. முன்னெழுத்தையும் பிறந்த தேதியையும் சேர்த்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தவறு அச்சாகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு.

ஒரு தாய்: பிரிவு உபசார விழாவுக்குத் தலைக்கு 500 ரூபாய் என்று சில பெற்றோர் பேசுகிறார்கள். எங்களால் முடியாது. சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

நீங்கள் கூச்சப்பட எதுவுமே இல்லை அம்மா. தலைக்கு இவ்வளவு என்று வைப்பதே தவறு. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். அங்கே எழுந்து, "விழா வேண்டும், வசூல் வேண்டாம்" என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். உங்களைப் போல் வாய் திறக்காமல் இருக்கும் நாலு பேர் உடனே கை தூக்குவார்கள்.

எங்கள் விழா இப்படி நடக்கிறது: 7ஆம் வகுப்புப் பிள்ளைகள் மாவிலைத் தோரணம் கட்டுகிறார்கள். பெற்றோர் சேர்ந்து பள்ளி அடுப்பிலேயே சர்க்கரைப் பொங்கலும் சுண்டலும் செய்கிறார்கள். அரிசி ஒரு வீடு, வெல்லம் ஒரு வீடு, விறகு ஒரு வீடு. எதுவும் கொடுக்க முடியாதவர் கிளறிவிட வருகிறார். யார் என்ன கொடுத்தார்கள் என்று எங்கும் எழுதுவதில்லை. ஆசிரியர்களுக்குப் பரிசு கிடையாது. பெண் பிள்ளைகள் எல்லோரும் பட்டுப்புடவையில் வர வேண்டும் என்று ஒரு முறை ஆசைப்பட்டார்கள். இரவல் புடவைகூடக் கிடைக்காத ஒருத்தி அன்று பள்ளிக்கே வரவில்லை. அதிலிருந்து சீருடைதான், தலையில் பூ மட்டும். குழுப் படத்தில் ஒருவர் குறைந்தாலும் அது வகுப்பின் படம் ஆகாது.

ஒரு பெற்றோர்: சுற்றுலாவுக்கு எங்கே போகலாம்?

ஒரே நாளில் போய்வரும் தூரம் போதும். நாங்கள் தரங்கம்பாடி போனோம். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, எதிரே கடல். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் பிள்ளைகளில் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கடல் பார்த்தார்கள். பெற்றோரின் எழுத்து ஒப்புதலும் துறை அனுமதியும் கட்டாயம். கூட நான்கு அம்மாக்களை அழைத்துப் போங்கள்.

ஒரு தந்தை: 9ஆம் வகுப்புக்கு மகனைத் தனியார் பள்ளியில் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். உங்கள் கருத்து?

முடிவு உங்களுடையது. ஆனால் இழப்பது என்ன என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. கல்லூரிக்குப் போகும்போது பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. அதற்கும் 6 முதல் 12 வரை என்பதே கணக்கு. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தால் இந்த மாத உதவி உண்டு. ஆனால் மருத்துவ ஒதுக்கீடு கிடைக்காது. உங்கள் மகன் 6, 7, 8 என மூன்று ஆண்டைக் கடந்துவிட்டான். கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, இத்தனையையும் கைவிட வேண்டுமா? அருகிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மகனோடு ஒரு நாள் போய் ஆய்வகத்தையும் வகுப்பறையையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒரு தாய்: மகள் பெரியவளாகிவிட்டாள். உயர்நிலைப் பள்ளி ஆறு கிலோமீட்டர். அனுப்ப வேண்டாம் என்கிறார் மாமியார்.

உங்கள் மாமியாரின் பயம் வழியைப் பற்றியது. படிப்பை அவர் வெறுக்கவில்லை. அதனால் வழியைச் சரிசெய்வோம். ஒரே தெருவிலிருந்து போகும் பெண் பிள்ளைகளைக் கணக்கெடுத்து, சேர்ந்தே போய்ச் சேர்ந்தே வரும்படி ஏற்பாடு செய்யுங்கள். பஸ் நேரம் பள்ளி நேரத்தோடு ஒத்துவரவில்லை என்றால், குழுத் தீர்மானத்தோடு போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் மனு கொடுங்கள். நாங்கள் கொடுத்தோம், ஒரு நடை கால் மணி நேரம் முன்னதாக மாறியது. உங்கள் மாமியாரையே ஒரு முறை அந்தப் பஸ்ஸில் பேத்தியோடு போய்வரச் சொல்லுங்கள்.

பள்ளியை நிறுத்திய வீட்டில் அடுத்து கல்யாணப் பேச்சு எழுவதைப் பார்த்திருக்கிறேன். 18 வயதுக்கு முன் திருமணம் சட்டப்படி குற்றம். அப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் 1098க்கு அழையுங்கள். என்னையும் அழையுங்கள், எந்த நேரமானாலும்.

நடுநிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர்: மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததும் நம் பொறுப்பு முடிந்துவிடுகிறது அல்லவா டீச்சர்?

இல்லை தம்பி. நானும் அப்படி நினைத்திருந்தேன். ஒரு மே மாதம் ஒரு பையனின் சான்றிதழை அவன் அப்பா கையில் கொடுத்தேன். கணக்கில் கெட்டிக்காரன். ஆகஸ்டில் அவன் தங்கையிடம் விசாரித்தபோது, "அண்ணன் திருப்பூரில் இருக்கிறான்" என்றாள். நான் கொடுத்த சான்றிதழ் அவர்கள் வீட்டுப் பரணில் இருந்தது. தேடிப் போய் அவனைத் திரும்ப அழைத்துவர அந்த ஆண்டு முழுவதும் ஆகிவிட்டது.

இப்போது ஏப்ரலிலேயே உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிடுகிறோம். சேர்க்கை நாளில் பெற்றோரும் பிள்ளைகளும் நாங்களும் ஒரே பஸ்ஸில் போகிறோம். சான்றிதழ்கள் என் பையில் இருக்கும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறேன். பள்ளி திறந்த இரண்டாவது வாரம் ஜூன் நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் அங்கே போய், 9ஆம் வகுப்பு வாசலில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறேன். போன ஆண்டு 23 பெயர் கூப்பிட்டேன். 22 குரல் வந்தது. மீதி ஒருத்திக்குக் காய்ச்சல் என்றார்கள். நம்பவில்லை. அன்று மாலையே வீட்டுக்குப் போனேன். உண்மையாகவே காய்ச்சல்தான். கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள், தலைமாட்டில் 9ஆம் வகுப்புப் புத்தகங்கள் இருந்தன.