பஸ் பற்றிக் கேளுங்கள்: சென்னைக்காரர்களின் கேள்விகள்

மாநகர பஸ்களுக்கு நேரம் போடும் வேலையில் இருபது வருஷம் ஓட்டியவன் நான். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கே: அரை மணி நேரம் காத்திருந்தால், ஒரே நம்பரில் இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டு வருகிறது. வேண்டுமென்றே செய்கிறார்களா? (கொளத்தூர் வாசகி)

இல்லம்மா. டெர்மினஸை விட்டுப் பத்து நிமிஷ இடைவெளியில்தான் கிளம்பும். முதல் பஸ் ஒரு சிக்னலில் மூன்று நிமிஷம் மாட்டிக்கொண்டால், அடுத்த ஸ்டாப்பில் அதற்குள் கூட்டம் சேர்ந்துவிடும். எல்லோரும் ஏறி முடிக்க இன்னும் தாமதம். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற்றிக்கொள்ள ஆளே இருக்காது. விறுவிறுவென்று வந்து முன்னால் போவதன் முதுகைப் பிடித்துவிடும். பின்னால் வருவதை நடுவழியில் கொஞ்சம் நிறுத்தி வைத்தால் இடைவெளி திரும்பும். ஒருமுறை நான்கு நிமிஷம் நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன். உள்ளே இருந்தவர்கள் என் பரம்பரையையே இழுத்துவிட்டார்கள். பஸ்ஸுக்கென்று தனிப் பாதை விட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். ஆனால் காரில் போகிறவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டுமே!

கே: வியாசர்பாடியிலிருந்து மின்சார பஸ் விட்டிருக்கிறார்கள். இந்த டிராபிக்கில் தாங்குமா சார்?

2025 ஜூன் 30-இல் 120 பஸ்களோடு தொடங்கினார்கள். நெரிசல்தான் அதற்குத் தோதான இடம். டீசல் வண்டி நின்ற இடத்திலேயே எண்ணெய் குடிக்கும். இதில் நின்றால் மோட்டாரும் நின்றுவிடும், ஏசி, விளக்கு மாதிரியானவற்றுக்கு மட்டும் கரண்ட் போகும். பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராகிப் பேட்டரிக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். தலைவலி ராத்திரி டிப்போவில்தான். எந்த வண்டி எந்த சார்ஜரில், எத்தனை மணிக்கு என்று பிசகினால் காலை முதல் ட்ரிப் போச்சு. புகை குறையும், சரி. நெரிசல் ஒரு அங்குலமும் குறையாது.

கே: என் அம்மாவுக்கு முட்டி வலி. தாழ்தள பஸ் வந்தும் ஏற முடியவில்லையே?

பழைய பஸ்ஸில் தளம் 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும், இதில் 400. வாசல் பக்கம் சாய்ந்தும் கொடுக்கும். மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றம் வரை போய்ப் போராடி வந்த வண்டி இது. ஆனால் நடைபாதையை ஒட்டி நின்றால்தான் பிரயோஜனம். ஸ்டாப்பில் நான்கு பைக், இரண்டு ஷேர் ஆட்டோ நின்றால் பஸ் நடுரோட்டில் நிற்கும். உங்கள் அம்மா தார்ரோட்டில் இறங்கி, அங்கிருந்து காலைத் தூக்கி வைக்க வேண்டும். குற்றம் பஸ்ஸில் இல்லை.

கே: பெண்களுக்கு இலவசம் விட்டு நஷ்டத்தைக் கூட்டியதுதான் மிச்சம். சரிதானே?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல வீடுகளில் இருப்பது ஒரே பைக். அது ஆம்பளையோடு காலையிலேயே போய்விடும். இலவசம் வந்த 2021 மே மாதத்துக்கு முன்பு, ஐந்து ரூபாய் மிச்சம் பிடிக்க இரண்டு ஸ்டாப் தூரம் கூடையோடு நடந்த பூக்கார அம்மாவை எனக்குத் தெரியும். இப்போது அவர் ஏறிப் போகிறார். அந்தப் பணத்தை அரசுதான் பஸ் நிர்வாகத்துக்கு ஒழுங்காக ஈடுகட்ட வேண்டும், அது வேறு கணக்கு.

கே: வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையங்கள் ஏன் வெறிச்சோடிக் கிடக்கின்றன?

கட்டடம் பிரம்மாண்டம், வாசலில் பஸ் இல்லை. இருட்டின பிறகு அந்தப் படிக்கட்டுகளில் தனியாக ஏறப் பெண்கள் தயங்குகிறார்கள். 2007-இல் வேளச்சேரி வரை நீட்டியும் இந்தக் குறை போகவில்லை.

கே: நான் பைக்கை விட்டு பஸ்ஸுக்கு வர என்ன செய்ய வேண்டும்?

உங்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர், பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு இரண்டேகால் ரூபாய்கூட ஆகாது. வண்டித் தவணையை யாரும் இதில் சேர்ப்பதில்லை. ஆக, டிக்கெட் விலையைக் குறைத்து உங்களை இழுக்க முடியாது. வாரத்தில் ஒரு நாள், ஆபீஸ் விட்டு வரும்போது மட்டும் பஸ்ஸில் வந்து பாருங்கள். ஸ்டாப்பில் எத்தனை நிமிஷம் நின்றீர்கள் என்று குறித்துவைத்து எனக்கு அனுப்புங்கள். ரூட் நம்பரையும் எழுத மறக்காதீர்கள்.