ஐஸ் கோலா வாங்கும்போது கலரைப் பார்க்காதீர்கள், கட்டியைப் பாருங்கள்

கேள்வி: தருமபுரியில் தள்ளுவண்டியில் ஐஸ் கோலா (சீவிய ஐஸை உருண்டை பிடித்து சிரப் ஊற்றித் தருவது) 20 ரூபாய். புதிதாகத் திறந்த ஏசி கடையில் அதுவே 90 ரூபாய். பிள்ளைகள் எங்கே பார்த்தாலும் கேட்கிறார்கள். விலைக்கேற்ற தரம் இருக்குமா? சிரப் நல்லதா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?
– இரண்டு பிள்ளைகளின் தாய், பாலக்கோடு

பதில்: விலையை வைத்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள் அம்மா. அந்த 90 ரூபாயில் ஏசிக்கும் வாடகைக்கும் ஒரு பங்கு போகும். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது ஐஸைப் பற்றி.

உறைந்துவிட்டால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பல கிருமிகள் சாவதில்லை, ஐஸ் கரைந்ததும் மறுபடி பெருகத் தொடங்கும். அதனால் சாப்பிடும் ஐஸைக் குடிநீரில்தான் செய்ய வேண்டும் என்பது விதி. மீன் போன்றவற்றைக் கெடாமல் வைக்கச் செய்யும் ஐஸில் லேசான நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018 ஜூனிலிருந்து ஒரு ஏற்பாடும் இருக்கிறது. கட்டியில் நீலம் தெரிந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். நீலம் இல்லை என்பதற்காக நம்பிவிடவும் முடியாது, விதியை மதிக்காதவர் கலர் போட்டிருக்க மாட்டார். "அண்ணா, ஐஸ் எங்கே எடுக்கிறீங்க?" என்று கேளுங்கள். நல்ல இடத்தில் எடுப்பவர் தயங்காமல் சொல்வார்.

போன கோடையில் கிருஷ்ணகிரி அணைப் பக்கம் ஒரு வண்டி அருகே நின்று பார்த்தேன். சாக்கில் சுற்றிய கட்டியைத் தரையில் இறக்கினார்கள். ஒட்டியிருந்த உமியை ஒரு பக்கெட் தண்ணீரில் முக்கிக் கழுவினார்கள். எச்சில் டம்ளர் அலசியதும் அதே பக்கெட்டில்தான். பிறகு காசு வாங்கிய கையாலேயே உருண்டை பிடித்துக் குச்சியில் சொருகினார்கள். சிரப் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதற்கப்புறம் என்ன பயன்? பக்கெட்டையும் கையையும் இரண்டு நிமிடம் கவனியுங்கள்.

கட்டியின் நடுவில் வெள்ளையாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். வெளியிலிருந்து உள்ளே உறையும்போது காற்றும் உப்பும் நடுவுக்குத் தள்ளப்படுவதால் வருவது அது. ஐஸ் சீவலைப் பொறுத்தவரை, கத்தி கூர்மையாக இருந்து கட்டி லேசாக வியர்த்திருந்தால் பூ மாதிரி விழும், சிரப்பைப் பிடித்துக்கொள்ளும். நொறுக்கிய ஐஸில் சிரப் அடியில் போய்த் தேங்கும், மேலே வெறும் பனிதான் மிஞ்சும்.

அடுத்து சிரப். கலரைப் பார்த்து யாராலும் தரம் சொல்ல முடியாது, என்னாலும்தான். நம் நாட்டில் அனுமதித்த செயற்கை நிறங்கள் எட்டு. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது ரோடமைன் பி என்ற துணிச்சாயம் கலந்திருந்ததால்தான், அதையும் ஆய்வகம்தான் கண்டுபிடித்தது. அதனால் பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரித்த தேதி, நிறத்தின் பெயர் மூன்றும் இருக்க வேண்டும். லேபிள் கிழிந்த பழைய பாட்டிலில் ஊற்றி வைத்திருந்தால் வேண்டாம்.

மாம்பழ சிரப்புக்கு மட்டும் ஒரு வழி சொல்கிறேன். மாங்கூழ் ஆலைகள் நிறைந்த கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எசன்ஸைக் குடிப்பது எனக்கு மனசு கேட்கவில்லை. கூழ் சேர்ந்தது கலங்கலாக இருக்கும், வைத்தால் அடியில் படியும். கண்ணாடி மாதிரித் தெளிந்த மஞ்சள் என்றால் எசன்ஸும் கலரும்தான். விழுங்கிய பிறகு அடிநாக்கில் கசப்பு நின்றால் சாக்கரின் என்ற செயற்கை இனிப்பு சேர்த்திருக்கலாம்.

சந்தேகம் இருந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் சொல்லலாம், 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்கும் புகார் அனுப்பலாம். கடையின் படம், தேதி, முடிந்தால் பில் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி: மாரியம்மன் திருவிழாவுக்கு ஐஸ் கோலா கடை போடப்போகிறோம். சிரப்பை வாங்குவதா, வீட்டில் காய்ச்சுவதா?
– இளைஞர் குழு, காவேரிப்பட்டணம்

பதில்: காய்ச்சுங்கள் தம்பி. ஒரு கிலோ சர்க்கரைக்கு அரை லிட்டர் தண்ணீர். அந்த அளவில் பாகு கெட்டியாக இருக்கும், எளிதில் கெடாது. நீர்க்க விட்டால் ஓரிரு நாளில் நுரைத்துப் புளிக்கும். மூடி திறக்கும்போது 'உஸ்' என்று காற்று வந்தால் கொட்டிவிடுங்கள். மாங்கூழை அன்றன்றைக்கு வேண்டிய அளவுக்கு மட்டும் கலந்து ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஒரு கப்புக்கு 35 மில்லி ஊற்றினால் ஒரு லிட்டரில் 28 பேருக்கு வரும். உருண்டை பிடிக்க ஒருவர், காசு வாங்க வேறொருவர் நில்லுங்கள்.