கூப்பிட்டால் பார்த்துவிட்டுப் போகிறானே!

கேள்வி: எங்கள் வீட்டில் எட்டு மாத ஆண் சிப்பிப்பாறை நாய் வளர்கிறான். பெயர் முத்து. ஐந்து மாதம் வரை 'வா' என்றால் ஓடி வருவான், 'உட்கார்' என்றால் உட்காருவான். இப்போது கூப்பிட்டால் ஒரு பார்வை பார்த்துவிட்டு அவன் பாட்டுக்குப் போகிறான். யார் வந்தாலும் மேலே தாவுகிறான். தெருவில் இழுக்கிற இழுப்பில் என் தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது. 'ரெண்டு போட்டால் சரியாகிவிடும்' என்கிறார் கணவர். மாமியாரோ தன் தட்டிலிருந்தே ஊட்டிவிடுகிறார். ஒரு மாதம் பயிற்சி மையத்தில் விட்டுவிடலாமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: முத்து எதையும் மறக்கவில்லை. அவனுக்குத் திமிரும் இல்லை. ஏறக்குறைய ஆறு மாதத்தில் ஆரம்பித்து ஒன்று, ஒன்றரை வயது வரை நாய்களுக்கு விடலைப் பருவம். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஐந்து மாதத்தில் சொன்னபடி உட்கார்ந்த குட்டிகள், எட்டு மாதத்தில் தங்களை வளர்த்தவர் சொன்னால் முரண்டு பிடித்தன. வேடிக்கை என்னவென்றால், அதே சொல்லை முன்பின் தெரியாத ஒருவர் சொன்னபோது கேட்டன. அம்மாவிடம் முறைத்துக்கொண்டு திரியும் பத்தாம் வகுப்புப் பையன், எதிர்வீட்டு அத்தை கேட்டதும் கடைக்கு ஓடுவதில்லையா, அந்தக் கதைதான். ஒரு வயதை ஒட்டி அந்த முரண்டு தணிந்தும் விட்டது. ஆக, காலம் உங்கள் பக்கம். அதுவரை காரியத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குச் சந்தேகம் உங்கள் 'வா' மேல்தான். அவனை எதற்கெல்லாம் கூப்பிடுகிறீர்கள் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். குளிப்பாட்ட, காதில் மருந்து விட, விளையாட்டை நிறுத்திச் சங்கிலியில் கட்ட, செருப்பைக் கடித்ததற்குத் திட்ட... பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான். வந்தால் நஷ்டம் என்று அவன் கணக்குப் போட்டுவிட்டான். அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிடுங்கள். புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். விசில் என்றால் இன்னும் நல்லது, அதில் கோபம் தெரியாது.

உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறியைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கிள்ளி வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு கூடாது, வெந்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் குத்தும். கதவைச் சாத்திய கூடத்தில், அவன் பசியோடு இருக்கும் நேரத்தில், இரண்டடி தூரத்திலிருந்து விசில் அடித்து உடனே ஒரு துண்டு கொடுங்கள். ஐந்து நிமிடம் போதும், ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை. விசில் கேட்டதும் தலை படக்கென்று உங்கள் பக்கம் திரும்புகிறதா? அப்புறம் அடுத்த அறையிலிருந்து கூப்பிடுங்கள். அடுத்தது, வெயில் தாழ்ந்த பிறகு மொட்டை மாடி. கைப்பிடிச் சுவர் அவன் தாவ முடியாத உயரம்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சிப்பிப்பாறையின் தாவல் சாதாரணமானதல்ல.

வெளியே போகும்போது மார்புப் பட்டையில் 5 மீட்டர் நூல் கயிறு கட்டுங்கள். நீளக் கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டினால், ஓடி நிற்கும் வேகத்தில் கழுத்தில் அடிபடும். அவன் வரமாட்டான் என்று தெரிகிற நேரத்தில் விசில் அடிக்கவே அடிக்காதீர்கள். கூப்பிட்டும் வராமல் இருந்து பழகுகிற ஒவ்வொரு தடவையும் உங்களுக்குப் பின்னடைவு. எவ்வளவு தாமதமாக வந்தாலும் கறித்துண்டு உண்டு, திட்டு கிடையாது. பத்துக்கு எட்டு தடவை, கறி தந்ததும் 'போ, விளையாடு' என்று திரும்ப விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது முயல் வேட்டைக்கென்றே தென்மாவட்டங்களில் வளர்க்கப்பட்ட ஜாதி. கண்ணால் கண்டு துரத்தும். பூனை ஓடுகிற அந்த நேரத்தில் உங்கள் விசில் அவன் காதில் ஏறாது. எத்தனை பழக்கினாலும் வண்டி போகிற தெருவில் அவிழ்த்துவிட வேண்டாம்.

இழுப்புக்கு வருவோம். கயிறு விறைத்ததும் நின்றுவிடுங்கள். தளர்ந்ததும் நடங்கள். முதல் வாரம் தெருமுனை வரைகூடப் போய்ச்சேர மாட்டீர்கள். அக்கம்பக்கத்தார் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

தாவும்போது தள்ளுவதும் கத்துவதும் அவனுக்கு விளையாட்டு. கையைக் கட்டிக்கொண்டு திரும்பி நின்று, நாலு காலும் தரையில் பட்டதும் தடவிக்கொடுங்கள். வீட்டில் எல்லோரும் இதையே செய்ய வேண்டும். ஒருவர் கொஞ்சினாலும் அவன் தாவிக்கொண்டேதான் இருப்பான்.

மாமியாரிடம் 'ஊட்டாதீங்க அத்தை' என்று சொல்லி ஜெயிக்க முடியாது, வீண் மனஸ்தாபம்தான் மிச்சம். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். சின்னக் கிண்ணத்தில் கறியைப் போட்டு, 'இவன் உட்கார்ந்தால்தான் கொடுக்கணும் அத்தை' என்று பொறுப்பை ஒப்படைத்துவிடுங்கள். சாம்பாரும் குழம்பும் ஏன் கூடாது என்பதையும் சொல்லுங்கள்: வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. சிப்பிப்பாறை கூச்ச சுபாவம் உள்ளது. அடி வாங்கினால் பணியாது, ஒதுங்கும். உறுமும்போது அடிப்பது அதைவிட ஆபத்து. உறுமலை விட்டுவிட்டு நேரே கடிக்கப் பழகிவிடும். ஒருவேளை சொன்னதைக் கேட்காததோடு சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு, காய்ச்சல் இருந்தால் அது விடலைத்தனம் அல்ல. நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சகஜம், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

பயிற்சி மையம் வேண்டாம் என்பேன். அங்கே ஒரு மாதம் இருந்து வந்தால் அந்தப் பயிற்சியாளர் சொல்வதைக் கேட்பான். நீங்கள் சொல்வதைக் கேட்க வேண்டுமே! வாரம் ஒரு நாள் வீட்டுக்கே வந்து, முத்துவைவிட உங்கள் மூவருக்கும் அதிகமாகப் பாடம் எடுக்கிற ஆள் கிடைத்தால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே கழுத்தை நெரிக்கும் சங்கிலியோடு வந்து நின்றால், ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.