ஆளுக்கு நான்கு பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். கல்லூரிக் காலத்திலிருந்து உங்கள் கதைகளைப் படித்து வருகிறேன். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் ஊர் எழுத்தாளர் வட்டத்துக்கு மூன்று ஆண்டுகளாகச் செயலாளர். மாதாமாதம் இரண்டாம் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஓர் ஆரம்பப் பள்ளி வகுப்பறையில் கூடுகிறோம். கவியரங்கம், நூல் அறிமுகம், யாருக்காவது பரிசு கிடைத்திருந்தால் பாராட்டு, கடைசியில் தேநீர். முடிய எட்டரை ஆகிவிடும். வாட்ஸப் குழுவில் 38 பேர் இருக்கிறோம். நேரில் வருவது ஒன்பது பத்துப் பேர்தான்.

இந்த ஆண்டு உறுப்பினர்களின் படைப்புகளைத் தொகுத்து ஒரு மலர் கொண்டுவருகிறோம். 25 பேர் எழுதியிருக்கிறார்கள். யாருக்கும் மனக்குறை வேண்டாம் என்று ஆளுக்கு நான்கு பக்கம் ஒதுக்கினோம். 300 பிரதி. அச்சுச் செலவில் பாதியை மூத்த உறுப்பினர் ஒருவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். பிடிஎஃப் இணைத்திருக்கிறேன். தாங்கள் ஓர் அணிந்துரை தர வேண்டும்.

இன்னொன்று. நன்றாக எழுதக்கூடிய இரண்டு பையன்கள் ஆறு மாதமாக வருவதில்லை. போன் போட்டுக் கேட்டேன். "கைதட்டத்தானே சார் கூப்பிடுறீங்க" என்றான் ஒருவன். அன்றிலிருந்து மனசு சரியில்லை. எழுத்தாளர்களுக்குப் பேர்போன கோவில்பட்டி மாதிரி எங்கள் ஊரும் பேசப்பட வேண்டும் என்றுதான் இவ்வளவும் செய்கிறோம். எங்கே தப்பு?

(பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம், பதிலைப் பொதுவில் சொல்லலாம் என்று எழுதியிருந்தார். எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள தம்பிக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காத்திருக்க வேண்டாம். அணிந்துரை எழுதவில்லை. கோபமெல்லாம் இல்லை. 112 பக்கத்தையும் படித்தேன், சிலதை இரண்டு தடவை. அச்சுக்காரர் கணக்கில், பதினாறு பக்கத்துக்கு ஒன்றாக, ஏழு ஃபாரம். அதில் ஐந்து வாழ்த்துரை முன்னாலேயே நிற்கிறது. எனக்கும் நான்கு பக்கம் காலியாக விட்டு வைத்திருக்கிறீர்கள். உங்கள் நியாயத்தில் எனக்கும் குறை வைக்கவில்லை!

67ஆம் பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா. முட்டி வலி. மகள் கூட மாட இருந்து கட்டிக் கொடுக்கிறாள், தண்ணீர் தெளிக்கிறாள், சில்லறை வாங்கிப் போடுகிறாள். ஆனால் முழம் போட மட்டும் அம்மா அவளை விடுவதே இல்லை. ஏனென்றால் மகளுக்குக் கை நீளம். அவள் அளந்தால் முழத்துக்கு நாலைந்து பூ கூடப் போய்விடும்.

படித்துவிட்டு எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். வறுமை என்ற சொல்லே வராமல் வறுமையைச் சொல்லிவிட்டார். மகள் வளர்ந்துவிட்டாள் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது, அம்மாவின் பயமும் இருக்கிறது. முப்பது வருஷத்துக்கும் மேலாக எழுதுகிறவளுக்கு இப்படி ஓர் இடம் எப்போதாவதுதான் வாய்க்கும்.

ஆனால் அடுத்த பக்கத்தில் பூ வாங்க வரும் ஓர் அதிகாரி, உழைப்பின் உயர்வைப் பற்றி ஒரு பத்தி பேசிவிட்டுப் போகிறார். கதை அங்கே செத்துவிட்டது. அந்தப் பத்தி ஏன் வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். முழம் போடும் இடம் மூன்றாம் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. நான்காம் பக்கத்தை நிரப்பியாக வேண்டுமே! நான் தப்பாகவும் யூகித்திருக்கலாம். எதற்கும் அவரிடமே கேளுங்கள்.

இந்தக் கதையை உங்கள் கூட்டத்தில் ஒருவர் வாய்விட்டுப் படித்திருந்தால் அந்த அதிகாரி உள்ளே வந்திருக்க மாட்டார். ஒன்பது பேரில் ஒருவராவது நெளிந்திருப்பார்கள். உங்கள் நிகழ்ச்சி நிரலைத் திரும்பப் பாருங்கள். அச்சான புத்தகத்துக்கு அறிமுகம் உண்டு, கிடைத்த பரிசுக்குப் பாராட்டு உண்டு, கவியரங்கத்துக்குக் கைதட்டல் உண்டு. இன்னும் முடியாத ஒன்றை எடுத்துவந்து "இது சரியா வருதா?" என்று கேட்க ஒரு கால் மணி நேரம் கிடையாது. அந்தப் பையன் சொன்னது இதைத்தான்.

எங்களுக்கு ஒரு தையல் கடை இருந்தது. 1991, 92 வாக்கில். ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை, ஆனாலும் அண்ணாச்சி பாதி ஷட்டரைத் தூக்கிவிட்டு காஜா எடுத்துக்கொண்டிருப்பார். கட்டிங் மேசையைச் சுற்றி நாங்கள். நான் ஒருத்திதான் பெண். துணைக்கு வந்த என் தம்பி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தினத்தந்தி படிப்பான். அண்ணாச்சி ஒரு வரி எழுதியவர் இல்லை. படிக்கும்போது நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். ஆனால் ஊசி நின்றுவிட்டால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

முதல் கதையைப் படித்தேன், பதினொரு பக்கம். நண்பர்கள் ஆளுக்கொன்று நல்லதாகச் சொன்னார்கள். அண்ணாச்சி நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "ரேஷன் கடைல மண்ணெண்ணெய்க்கு நிக்கிற வரைக்கும் நீங்க சொன்னீங்கம்மா. அதுக்குப் பொறவு வேற யாரோ சொல்லுதாங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், மண்ணெண்ணெய் வரிசைக்குப் பிறகு வந்த நான்கு பக்கமும் நான் அப்போது விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்த ஒருவருடைய நடை. அடித்துவிட்டு அனுப்பினேன். அச்சில் வந்தது. அண்ணாச்சி அச்சில் வந்ததைப் படித்தாரா என்று தெரியாது. கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தக் குழு எப்படிச் செத்தது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு செய்தோம். தலைவர், துணைத் தலைவர் இரண்டு, பொருளாளர், ரசீது புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப். ஏழு பேரில் ஆறு பேருக்குப் பதவி கிடைத்தது. ஆண்டு விழா நோட்டீஸில் யார் பெயர் எங்கே என்பதில் வந்த சண்டை இரண்டு மாதம் ஓடியது. விழா அமர்க்களமாக நடந்தது. பொன்னாடை மட்டும் பத்தொன்பது. அதற்குப் பிறகு தையல் கடையில் கூடவில்லை. இடம் போதாது என்று தலைவர் சொன்னார்.

கோவில்பட்டியைச் சொன்னீர்கள். நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். அங்கே இருந்தது சங்கம் இல்லை, பேச்சு. கவிஞர் தேவதச்சனின் நகைக்கடையிலும் காந்தி மைதானத்திலும் உட்கார்ந்து ராத்திரி வெகுநேரம் வரை ஒருவரையொருவர் மறுத்துப் பேசியவர்கள் அவர்கள். தேவதச்சன், கதைக்காரர்களான கோணங்கி, ச. தமிழ்ச்செல்வன் மூன்று பேரையும் அடுத்தடுத்து எடுத்துப் படியுங்கள். ஒரே ஊர்த் தண்ணீரைக் குடித்தவர்கள் என்று சத்தியம் பண்ணினாலும் நம்பமாட்டீர்கள். சுற்றுவட்டாரத்துக்கு சாகித்ய அகாதெமி விருது வந்த கணக்கைச் சொல்வார்கள்: இடைசெவல் என்ற ஒரு சின்ன ஊருக்கே இரண்டு, 1970இல் கு. அழகிரிசாமி, 1991இல் கி. ராஜநாராயணன். பிறகு 2014இல் பூமணி, 2019இல் சோ. தர்மன். இதில் எதுவும் மலர் போட்டு வந்ததில்லை. அழகிரிசாமியும் கி.ரா.வும் தொடக்கத்தில் இரண்டு பேர் மட்டுமே கொண்ட ஒரு வட்டம். பிற்பாடு ஊர் பிரிந்தபோதும் கடிதத்தில் அதை நடத்தினார்கள்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் கம்பனில் தோய்ந்த ரசிகமணி டி.கே.சி. வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூடலும் எழுத்தாளர் சங்கம் இல்லை. பின்னாளில் நீதிபதியான மகராஜன், வருவாய்த் துறையில் இருந்த பாஸ்கரத் தொண்டைமான் போன்றவர்கள் வந்து உட்கார்ந்த இடம். ஒரு கம்பன் பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி, எந்தச் சொல்லில் மூச்சு நிற்கிறது என்று பார்ப்பார்கள். உங்கள் கவியரங்கத்தில் ஒரு சாயங்காலத்துக்கு எத்தனை கவிதை? பதினைந்தா?

தேர்ந்தெடுத்தால் மனக்குறை வரும் என்று பயப்படுகிறீர்கள். நியாயமான பயம்தான், நீங்கள் அதே தெருவில் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவர். சென்னையில் 1970இல் தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை' அமைப்புக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அந்தந்த மாதம் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளை ஒருவர் படித்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏன் அது என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். தேர்ந்தெடுப்பவர் மாறிக்கொண்டே இருப்பார். வருஷக் கடைசியில் பன்னிரண்டு கதை சேரும், அதில் ஒன்றை இன்னொருவர் அந்த ஆண்டின் சிறந்த கதை என்பார். பன்னிரண்டும் ஒரு புத்தகமாகும். கோபம் வந்தால் அந்த மாதத்து ஆள் மேல்தான் வரும். அடுத்த மாதம் கோபப்பட்டவரே தேர்ந்தெடுக்கும் இடத்தில் இருப்பார், கஷ்டம் அவருக்கும் தெரியும். கணக்கு வாத்தியாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மலரை ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள். அதுவரை உங்களுக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை போதும். சிரிக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் 1943இல் தொடங்கிய மறுமலர்ச்சிச் சங்கம் கையெழுத்துப் பத்திரிகை நடத்திப் பழகிவிட்டுத்தான் 1946இல் 'மறுமலர்ச்சி'யை அச்சுக்குக் கொண்டுவந்தது. அச்சில் வந்தது 1948 வரைதான். ஆனாலும் ஈழத்து இலக்கியத்தைப் பேசுகிறவர்கள் அந்தப் பெயரைத் தாண்டிப் போக முடிவதில்லை. நம் பக்கத்திலும் ஒரு காலத்தில் ஊருக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை இருந்தது. ஒரே பிரதி, வீடு வீடாகச் சுற்றும். பின்னால் வெற்றுத்தாள் வைத்துத் தைத்திருப்பார்கள். படித்தவர்கள் அதில் கருத்து எழுதுவார்கள், குழம்புக் கறையோடு திரும்பி வரும். 300 பிரதி அடித்துக் கட்டிலுக்கடியில் அடுக்குவதற்கு அது மேல்.

அந்த மூத்த உறுப்பினர் விஷயம். நான்கு பக்கத்தில் பதினொரு கவிதை. தேசம், தாய், தமிழ், மரம் நடுதல். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் அவரைப் பற்றிய குறிப்பைப் படித்தீர்களா? ரயில்வே கேட் கீப்பராக 31 வருஷம். அதற்குக் கீழே அவரே எழுதிய ஒரு வரி: "ரயில் போன பிறகும் தண்டவாளம் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருக்கும்." மொத்த மலரிலும் பூக்காரம்மாவின் கைக்கு அடுத்தபடி இந்த ஒரு வரிதான். அவரிடம் பணம் வாங்காதீர்கள், அந்தப் பேச்சை வாங்குங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு கேட்டில் யார் யார் வந்து நின்றார்கள், விளக்கில் எண்ணெய் இருந்ததா, தூக்கம் எப்படி வரும், வந்தால் என்ன செய்வார். அவர் பேசட்டும், வராமல் போன பையன்களில் ஒருவனைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கைதட்டாமல் வேறு வேலை கொடுத்தால் வருவான் என்றுதான் நினைக்கிறேன்.

பூக்காரம்மா கதையை எழுதியவர் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை, வாட்ஸப்பில் அனுப்பினார் என்று பிடிஎஃப் அனுப்பிய மெயிலில் சொல்லியிருந்தீர்கள். எப்படி வருவார்? ஆறு மணிக்கு ஆரம்பித்து எட்டரைக்கு முடித்தால், அப்புறம் எந்த பஸ்ஸைப் பிடித்து, எந்த அடுப்பைப் பற்றவைப்பது? எனக்குத் துணைக்கு ஒரு தம்பி இருந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவனும் வரமுடியாது, நானும் போகவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருஷம் நான் ஒன்றும் எழுதவில்லை. கூட்டத்தை மூன்று மணிக்கு மாற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை கறிச்சட்டி கழுவி முடிய இரண்டரை ஆகும். ஐந்தரைக்குள் முடியுங்கள். தேநீரை முதலிலேயே கொடுத்துவிடலாம், வருகிறவர்கள் களைத்துப்போய் வருவார்கள்.

நேரத்தை மாற்றினால் சொல்லுங்கள், அடுத்த இரண்டாம் ஞாயிறு நான் வருகிறேன். பேசுவதற்கு இல்லை. அந்தக் கதையை எழுதியவரே வாய்விட்டுப் படிக்க வேண்டும், நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறேன். பொன்னாடை வாங்கினால் திரும்பிப் போய்விடுவேன். ஒன்றாம் வகுப்புப் பெஞ்ச் என்றால் மட்டும் எனக்கு ஒரு நாற்காலி போடுங்கள், முட்டி மடங்காது.

கதையை எழுதியவரிடம் ஒன்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். ஏதோ ஒருநாள் அந்த அம்மா படுத்துவிட்டிருப்பாள், வாசலில் மகள் தனியாக நின்றிருப்பாள். அன்றைக்கு அவள் எந்த முழத்தில் அளந்தாள்?

அன்புடன்
அக்கா