விண்டோஸ் 11 அப்டேட்டுக்குப் பிறகு பகிர்ந்த ஃபோல்டர் திறக்கவில்லையா?

விண்டோஸ் 11 ப்ரோவில் 24எச்2 அப்டேட் போட்டதும், வீட்டின் இன்னொரு கணினியில் பாஸ்வேர்டு இல்லாமல் பகிர்ந்திருந்த ஃபோல்டர் திறக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கோப்புகள் பத்திரமாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். 2024-இல் வந்த இந்தப் பதிப்பு, கோப்புப் பகிர்வு இணைப்புகளுக்கு, வழியில் யாரும் தகவலை மாற்றவில்லை என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. பாஸ்வேர்டு இல்லாமல் விருந்தினராக நுழைந்தால் அந்தக் கையொப்பத்தைப் போட வழியில்லை. அதனால்தான் இணைப்பு மறுக்கப்படுகிறது.

ஃபோல்டர் இருக்கும் கணினியில் பாஸ்வேர்டுடன் ஒரு லோக்கல் கணக்கு உருவாக்கி, பகிர்வு அனுமதியில் அந்தப் பெயரைச் சேருங்கள். மற்ற கணினி கேட்கும்போது அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். தினமும் திரையைத் திறக்கும் பின் நம்பர் இங்கே செல்லாது, அது அந்தந்தக் கணினிக்குள் மட்டும்தான். பலர் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பாஸ்வேர்டு தங்கியிருந்தால் அதையும் அழித்துவிடுங்கள்.

அப்புறம், இரண்டு கணினியிலும் நெட்வொர்க் ‘பிரைவேட்’ என்று இருக்கிறதா பாருங்கள். கோப்புப் பகிர்வுக்கான பழைய முறையான எஸ்எம்பி1-ஐ ஆன் செய்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். 2017-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீநிரல் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான்.