வீடு மாறும்போது இணைய இணைப்பையும் கொண்டுபோகலாமா?

கேள்வி: ஆவணியில் வேளச்சேரியிலிருந்து மேடவாக்கத்தில் ஒரு வாடகை வீட்டுக்குப் போகிறோம். நானும் கணவரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறோம். இப்போதுள்ள ஃபைபர் இணைப்புக்கு ஆறு மாதப் பணம் கட்டி, மூன்று மாதம் பாக்கி இருக்கிறது. அதையே மாற்றிக்கொள்வதா, புதிதாக வாங்குவதா? எவ்வளவு வேகம் தேவைப்படும்?

பதில்: மாற்றிக்கொள்ள முடிந்தால் அதுதான் லாபம். ஆனால் நிறுவனத்தின் செயலியில் பின்கோடு போட்டதும் 'சேவை உண்டு' என்று வருவதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரு பின்கோட்டுக்குள் எத்தனையோ தெருக்கள். உங்கள் தெருவில் அவர்களுடைய இணைப்புப் பெட்டி இருக்க வேண்டும், அதில் ஒரு போர்ட்டாவது (கேபிள் செருகும் இடம்) காலியாக இருக்க வேண்டும். லைன்மேன் நேரில் வந்து பார்த்துச் சொல்லட்டும். வீட்டு உரிமையாளரிடமும் சுவரில் துளை போடலாமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டில் விசாரியுங்கள். எந்த கம்பெனி என்பதைவிட, கடைசியாக லைன் போனபோது எத்தனை மணி நேரத்தில் சரிசெய்தார்கள் என்று கேளுங்கள். ஒரே கம்பெனி ஒரு தெருவில் நன்றாகவும் அடுத்த தெருவில் மோசமாகவும் இருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பலர் கேட்காமல் விடுவது இது: ஃபைபர் வீட்டுக்குள்ளேயே வருகிறதா, அல்லது தெருவில் நின்று அங்கிருந்து லேன் கேபிள் (செம்புக் கம்பி) வருகிறதா? லேன் கேபிள் என்றால் தெருவில் இருந்து பல வீடுகளுக்கு இணைப்பைப் பிரித்துத் தரும் 'சுவிட்ச்' என்ற கருவிக்கும் மின்சாரம் வேண்டும். கரண்ட் போனால், உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் நெட் நின்றுபோகலாம். ஃபைபர் நேராக வீட்டுக்குள் வரும் இணைப்பில் இடையில் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் பிரிப்பானுக்கு மின்சாரமே தேவையில்லை. ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வைத்தால் போதும், மீட்டிங் பாதியில் அறுந்துபோகும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். இருவரும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால், நான் வேகத்தைவிட இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

வேகம் 100 எம்பிபிஎஸ் தாராளம். ஒரு வீடியோ மீட்டிங்குக்கு 3, 4 எம்பிபிஎஸ் போதும். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15தான். அப்லோடு வேகமும் அதே அளவா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். நெட் மெதுவாக இருக்கிறது என்ற புகார்களில் பெரும்பாலும் குற்றவாளி வைஃபைதான். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். இணைப்பு கொடுக்க வருபவர் வாசற்படி அருகிலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போகப் பார்ப்பார். வேலை பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

ஃபைபரே வராத தெருவென்றால், செல்போன் டவரிலிருந்து கம்பியில்லாமல் வீட்டுக்கு நெட் தரும் 5ஜி ஏர்ஃபைபர் இருக்கிறது. அதே நிறுவனத்தின் 5ஜி சிம் உள்ள போனில், அந்த வீட்டிலேயே, இரவு ஒன்பது மணி வாக்கில் வேகம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

புதிதாக வாங்குவதானால் முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். விளம்பர விலையின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும். ஐப்பசி மழையில் லைன் தாங்குகிறதா என்று பார்த்த பிறகு ஆறு மாதத் திட்டத்துக்குப் போகலாம்.

பால் காய்ச்சும் நாளுக்குப் பத்து நாள் முன்பே விண்ணப்பியுங்கள். மாற்ற முடியாமல் போனால், புது இணைப்பு ஓடத் தொடங்கிய பிறகே பழையதை நிறுத்துங்கள். பாக்கி மூன்று மாதப் பணத்தைப் பற்றி மின்னஞ்சலில் எழுத்தாகப் பதில் வாங்குங்கள். அப்புறம், பழைய ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது இல்லாமல் டெபாசிட் கேட்டு அலைய வேண்டிவரும். அந்த ரசீதைக் கையோடு வாங்கிவிடுங்கள்.